பெரிய வண்டியின் குறைகள்

மே 27, செவ்வாய்

தண்ணீர் மூன்று தம்ளர். கால் வீக்கம் காலையில் இருந்தது, மாலையில் வடிந்துவிட்டது.

இதை மட்டும் தினமும் குறித்து வைத்தால் போதும் என்று ஈரோட்டு ஆஸ்பத்திரியில் எஸ்தர் சிஸ்டர் சொன்னாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து போடுவேன், அதுவும் படம் வரைவதுபோல. என் மகள் பூங்கொடி போனில் ஒரு இடத்தைக் காட்டி, இதை அமுக்கிவிட்டுப் பேசுங்கள் என்றாள். பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை கரூரிலிருந்து வரும்போது பிழை திருத்திப் புத்தகத்தில் இருப்பதுபோல மாற்றி வைக்கிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். தண்ணீர்க் கணக்கோடு நிறுத்த முடியவில்லை. வீட்டில் பேச்சுக்கு ஆள் குறைந்துவிட்டது.

இன்று என் மனைவி மயிலாத்தாளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன நாள். செவ்வாயும் வெள்ளியும். வெள்ளகோவிலிலிருந்து முத்தூர் வழியாக ஈரோடு. நான்தான் ஓட்டுகிறேன். எழுபத்து மூன்று வயதில் ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீ வந்து ஓட்டுகிறாயா என்று திருப்பிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

பெரிய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிக்கி வைத்த நீளமான வண்டி. எங்கள் கொப்பரைத் தேங்காய்க்கு விலை ஏறிய வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். முதல்நாள் வாசலில் நிறுத்தியபோது மயிலாத்தாள் மாவுக் கையோடு வந்து பார்த்தாள். "நாம ரெண்டு பேருக்கு எதுக்குங்க இது? ஒரு கல்யாணத்துக்கே ஆளு ஏறலாமாட்ட இருக்குது" என்றாள். ஏறியவள் பின்சீட்டின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள், அடுத்த ஸ்டாப்பில் பக்கத்து இடத்துக்கு ஆள் வருவதுபோல.

அந்தப் பின்சீட்டுத்தான் இப்போது காப்பாற்றுகிறது. மெஷினிலிருந்து எடுத்துவிட்ட பிறகு அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும், உட்கார முடியாது. ஒருக்களித்துப் படுத்தால் அவள் முழு உயரத்துக்கும் இடம் இருக்கிறது. இஞ்சின் சத்தம் உள்ளே வராது. குழியில் இறங்கினாலும் குலுக்காது. ஒரு தரம் அமுங்கி எழும், அவ்வளவுதான். சக்கர நாற்காலி டிக்கியில் போய்விடும். ஒரே குறை, அவள் படுத்துவிட்டால் எனக்குக் கண்ணாடியில் தெரிய மாட்டாள். அதனால் ஊர் ஒன்று வரும்போதெல்லாம் "மயிலா" என்பேன். "ம்" என்பாள். அந்த "ம்" வந்தால் அடுத்த ஊர் வரைக்கும் ஓட்டலாம்.

மே 28, புதன்

நேற்று வண்டிக்குள் வாந்தி எடுத்திருக்கிறாள், சொல்லவில்லை. மிதியடியைக் கழுவிக் களத்தில் கொப்பரைக்குப் பக்கத்தில் காயப்போட்டேன். தண்ணீர் மூன்று தம்ளர்.

ஜூன் 1, ஞாயிறு

பூங்கொடியும் மாப்பிள்ளை தினகரனும் வந்தார்கள். கேட் தூணில் வண்டி உரசியதை மாப்பிள்ளை பார்த்துவிட்டார். போன வாரம் நடந்தது. இங்கே சொல்லாமல் விட்டிருந்தேன்.

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "மாமா, இது இந்தக் காலத்து வண்டியே இல்லீங்க" என்றார். "மூக்கு எங்க முடியுதுன்னே உங்களுக்குத் தெரியாது. முன்னாடி ஒரு ஆட்டுக்குட்டி நின்னா அடிச்சப்புறந்தான் தெரியும். ஸ்பீடு பிரேக்கருக்கெல்லாம் வயித்தத் தேய்க்குது. ஆஸ்பத்திரிச் சந்துல திருப்பறதுக்கு எத்தன தரம் முன்ன பின்ன எடுக்கறீங்க?"

"படுத்துட்டு வாரதுக்கு எடமிருக்குது மாப்பிள்ளை."

"படுக்கறது சரி. எந்திரிக்கறது? சீட்டு கெணத்துக்குள்ள இருக்கறாப்ல இருக்குது. போன தரம் அத்தையத் தூக்கறதுக்கு நானும் பூங்கொடியும் சேந்து இழுத்தோம். சின்ன வண்டி ஒண்ணு எடுத்துக்கலாம். சீட்டு ஒசரமா இருக்கும். கியரு போட வேண்டாம். உங்களுக்கும் ஈசி."

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. சீட்டு தாழ்வுதான். இறக்கும்போது அவள் இரண்டு கைகளையும் என் கழுத்தில் போட்டுக்கொள்வாள். நான் பின்னால் சாய்ந்து இழுப்பேன். ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து விழுவோம் என்று எனக்கும் தெரியும். ஆனால் சின்ன வண்டியில் அவள் உட்கார்ந்துதான் வர வேண்டும். கெண்டைக்கால் இழுக்கும்போது காலை எங்கே நீட்டுவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு வருவாள். அதைக் கண்ணாடியில் நன்றாகப் பார்க்கலாம், அது வேண்டுமானால் சின்ன வண்டியின் லாபம்.

மயிலாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏறி எறங்கறவ நானு. ரெண்டு பேரும் என்னையக் கேக்கவே இல்லியே" என்றாள்.

"சொல்லுங்கத்தை. உங்களுக்கு எது தோதுப்படும்?"

"எதா இருந்தா என்னுங்க மாப்பிள்ளை. போற எடம் ஒண்ணுதான?"

அவள் எப்போதும் இப்படித்தான், சூடாகப் பேசிக்கொண்டிருக்கும்போது தண்ணீரை ஊற்றிவிடுவாள்.

பெரிய வண்டியை வாங்கக் காங்கேயத்தில் ஒருவர் இருக்கிறார், புதன்கிழமை வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை போனார்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஊசி இரண்டு தரம் தவறியது. கையில் மெஷின் குழாய் மாட்டும் இடம் கறுத்துக் கல்லாகிவிட்டது. நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மயிலாத்தாள் சிஸ்டரிடம், "இன்னும் எத்தன தரங் கண்ணு இருக்கும்? ஆடியோட முடிஞ்சுருமா? ஆடி நோம்பிக்கு என்ற அண்ணன் வூட்டுக்குப் போவோணும்" என்று கேட்டாள். நானும் அதை யாரிடமும் கேட்டதில்லை.

எஸ்தர் சிஸ்டர் மெஷினைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, இது காய்ச்சலுக்குப் போடற ஊசியில்லீங்க. முடியறதுன்னு ஒண்ணும் இல்ல. நீங்க இருக்கற வரைக்கும் இதுவும் இருக்கும்" என்றாள். நல்ல பெண்தான். நல்ல விதமாகத்தான் சொன்னாள்.

திரும்பும்போது முத்தூரில் "மயிலா" என்றேன். பதில் இல்லை. ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கண் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். இந்த வண்டியில் பின்பக்கம் ஏ.சி. காற்று வரும் துவாரத்தை மூட முடியாது, உடைந்துவிட்டது. குளிர் அதிகம்போல. குறைத்தேன். அப்போதும் பேசவில்லை. ஏ.சி.யை நிறுத்தியே விட்டேன்.

தண்ணீர் இரண்டு தம்ளர். சோறு வேண்டாம் என்றாள்.

ஜூன் 4, புதன்

காங்கேயத்து மருதாசலம் வந்தார். கல்யாண வண்டி வாடகைக்கு விடுகிறவர். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. வண்டியின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தடவுவதுபோலத் தடவினார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வாங்காமல் போக மாட்டார்.

நான் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"டீசலு ரொம்பக் குடிக்குமுங்க."

"கல்யாண வூட்டுக்காரங்க ஊத்துவாங்க."

"சாமான் இங்க கெடைக்காதுங்க. கோயமுத்தூருக்குத்தான் போவோணும்."

"எனக்கு அங்க மச்சினனே கடை வெச்சிருக்கறானுங்க."

"வயிறு தட்டுமுங்க."

"ஊர்கோலம் என்ன ரேசாங்க? நடக்கற வேகந்தான்."

"சீட்டு தாழ்வு. ஏறி எறங்க முடியாதுங்க."

"பொண்ணு பட்டுச்சீலையோட எறங்கறப்ப நாலு பேரு கை குடுப்பாங்க. போட்டோவுக்கு அதுதானுங்க அழகு."

நான் எதைக் குறை என்று எடுத்து வைத்தாலும் அவர் கையில் அது பவுனாக மாறியது. வெள்ளிக்கிழமை அவளை எதில் கூட்டிப்போவது? அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்ககிட்ட மறைக்கப்படாதுங்க. தை மாசம் எங்க பங்காளி சென்னியப்பன் கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில தவறிப்போயிட்டான். இந்த வண்டியிலதான் பின்சீட்டுல போட்டுக் கொண்டாந்தோம்."

மருதாசலம் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை வேட்டியில் துடைத்தார். பிணம் ஏறிய வண்டியில் மணப்பெண்ணை ஏற்றினால் ஊர் சும்மா விடுமா? "நல்லவேளைங்க, சொன்னீங்க. வேற ஆளா இருந்தா மறச்சு வித்துப்போட்டிருப்பான்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கும்பிடுதான் உறுத்துகிறது.

உள்ளே வந்தால் மயிலாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சித்திரையிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"எதுக்குச் சிரிக்கறே?"

"ஒண்ணுமில்லீங்க. அவரு கையத் தொடச்சாரு பாருங்க, அதுக்கு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

காலையில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, தலையணை வைத்து, துண்டு விரித்து, டிக்கியில் நாற்காலியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனேன். மயிலாத்தாள் சேலை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"கெளம்பலியா? நேரமாச்சு."

"பொணம் ஏறுன வண்டியில நா ஏறமாட்டேனுங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்து, "பொணமும் ஏறல, பொண்ணும் ஏறல. எந்திரி" என்றேன்.

"நீங்கதான சொன்னீங்க, சென்னியப்பண்ணனப் போட்டுக் கொண்டாந்தோம்னு? என்ற காதால கேட்டேன்."

"அது அந்த ஆளத் தொரத்தறதுக்குச் சொன்ன பொய்யி புள்ளே."

"நீங்க பொய் சொல்ற ஆளில்லீங்க. மண்டியில எடை போடாமயே உங்க வார்த்தைக்குக் காசு குடுப்பாங்க. அப்பேர்ப்பட்ட மனுசன் சொன்னா நெசமாத்தான் இருக்கும்."

சத்தியம் செய்தேன். கோபப்பட்டேன். கெஞ்சினேன். சிஸ்டர் போனில் கூப்பிட்டாள். வண்டியில் கொஞ்சம் தகராறு, செவ்வாய்க்கிழமை கட்டாயம் வந்துவிடுகிறோம் என்றேன். அதுவும் பொய். ஒரு வாரத்தில் எத்தனை.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. சென்னியப்பன் இறந்த அன்று மயிலாத்தாளும் இதே வண்டியில் என்னோடு இருந்தாள். காப்பிக் கலர் நூல் சேலை. பிணம் ஆம்புலன்ஸில் முன்னால் போனது, நாங்கள் பின்னாலேயே வந்தோம். பல்லடத்தில் சிக்னல் விழுந்து ஆம்புலன்ஸ் போய்விட, "அண்ணன் நமக்கு முன்னாடிப் போயிட்டாரு" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. அவளுக்கு எப்படி மறந்தது? ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளை மங்கும் என்று சிஸ்டர் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தண்ணீர் நான்கு தம்ளர். டாக்டர் சொன்ன அளவைவிட ஒன்று அதிகம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடித்தாள்.

ஜூன் 7, சனி

மாரியம்மன் கோயில் பூசாரியை அழைத்து வந்தேன். வண்டிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, கதவுக்குக் கதவு திருநீறு பூசி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினேன். ஏறாத பிணத்துக்கு இத்தனை சாந்தி. பூசாரிக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் எதற்குப் பூஜை என்று கேட்பார்.

மயிலாத்தாள் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஆச்சு. இப்ப ஏறுவியா?"

"டயருக்குத்தான எலுமிச்சம்பழம் வெச்சீங்க? பொணம் படுத்தது சீட்டுலைங்களே."

பூசாரி, "அம்மா சொல்றது நாயந்தானுங்க" என்றார். அவரை உடனே அனுப்பிவிட்டேன்.

பின்சீட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவினேன். அடியில் ஒரு கொலுசுத் திருகு, ஒரு மாத்திரை அட்டை, திருப்பூர்க்காரர் வீட்டுக் குழந்தை எப்போதோ ஒட்டிய கிளிப் படம். சீட்டு ஈரம் காயவில்லை. பஞ்சு கனமானது, நேரமாகும். இதுவும் இந்த வண்டியின் குறை.

ஜூன் 8, ஞாயிறு

பூங்கொடி வந்ததும் போனை வாங்கி இந்த வாரம் நான் பேசியதையெல்லாம் படித்தாள். படித்தவள் நேராக அம்மாவிடம் போய், "பாரும்மா, அப்பா தன் வாயாலயே சொல்லியிருக்காரு. 'வாயில் வந்ததைச் சொன்னேன்'னு எழுதியிருக்குது. பொய்தான். வேணும்னா படிக்கறேன் கேளு" என்று உரக்கப் படித்தாள்.

மயிலாத்தாள் முழுவதும் கேட்டாள். மருதாசலம் கையைத் துடைத்த இடத்தில் மறுபடியும் சிரித்தாள். கடைசியில், "போனு என்ன சாமியா? அதுக்கென்ன தெரியும்?" என்றாள்.

மாப்பிள்ளை கொஞ்சமும் முகம் சுளிக்காமல் தன் சின்ன வண்டியைக் கதவு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். "சரிங்கத்தை, அந்த வண்டி வேண்டாம். இதுல ஒரு ரவுண்டு வந்து பாருங்க." சீட்டு உயரமாகத்தான் இருந்தது. அவள் யார் கையும் பிடிக்காமல் ஏறிவிட்டாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஒத்துக்கொண்டேன், அதில் அந்த வண்டிதான் உசத்தி. ஊர்க் கோடி வரை போய்த் திரும்பினார்கள்.

"முட்டி முன்சீட்டுல இடிக்குதுங்க மாப்பிள்ளை. படுத்தா ரெண்டா மடிஞ்சுதான் படுக்கோணும். மாமா வண்டி மாதிரி வராதுங்க. அது மெத்த" என்றாள்.

"அப்ப அதுலயே போலாம்ல?" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"அதுல பொணம் ஏறியிருக்குதே."

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பூங்கொடி அம்மாவை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் பேசினார்கள். இரண்டு குரலும் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. பிறகு ஒரு குரல் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது பூங்கொடிக்குக் கண் சிவந்திருந்தது. சளி பிடித்திருக்கிறதுபோல. எந்த வண்டி என்று முடிவாயிற்றா என்று கேட்டேன். "வண்டியப் பத்தி இனிப் பேச வேண்டாம்பா" என்றாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

உயரம், படுக்க இடம், இரண்டும் ஒரே வண்டியில் வேண்டும் என்றால் வேன்தான். காலையில் வாடகை வேன் ஒன்றை வரச் சொன்னேன். சீட்டைச் சாய்த்தால் கட்டில்போல ஆகிறது. மயிலாத்தாள் வாசல்வரை வந்து படியைப் பார்த்தாள். "பழனி மலையாட்ட இருக்குது. நா ஏறமாட்டேனுங்க" என்றாள். வேன்காரர் தூக்கி வைக்கிறேன் என்றார். "அன்னிய ஆம்பள என்னையத் தொடப்படாது" என்றாள். ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் எத்தனை பேர் தொடுகிறார்கள். வேன் போய்விட்டது.

அப்போது எனக்கு ஆத்திரம் வந்தது. அவளை அப்படியே இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு பெரிய வண்டிக்குப் போனேன். கொப்பரை மூட்டை தூக்கிய கை. அவள் எடையே இல்லை. பின்கதவைக் காலால் திறந்தேன். அவள் கதவின் மேல்விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே தள்ள, அவள் பிடிக்க, கொஞ்ச நேரம் இரண்டு கிழடுகளும் சத்தமில்லாமல் மல்லுக்கட்டினோம். களத்தில் கொப்பரை கிளறிக்கொண்டிருந்த ராமாத்தாள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"எறக்கி உடுங்க. வலிக்குது" என்றாள் மயிலாத்தாள்.

இறக்கிவிட்டேன். வண்டியின் மேல் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினாள். நானும் வாங்கினேன்.

"சென்னியப்பன் எழவு அன்னிக்கு நீயும் என்றகூட இதே வண்டியிலதான் இருந்தே. பல்லடம் சிக்னலு. நெனப்பிருக்குதா இல்லியா? நெசத்தச் சொல்லு" என்றேன்.

என் சட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

"இத்தன வருசத்துல நீங்க சொன்ன பொய்யி அது ஒண்ணுதானுங்க. எனக்கு அது ரொம்ப உபயோகமா இருக்குது. அதையும் புடுங்கிக்காதீங்க."

அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை.

பின் வலது டயரில் காற்று குறைந்திருக்கிறது. நிரப்ப வேண்டும்.

ஜூன் 11, புதன்

இளநீர் கேட்டாள். தேங்காய்க்காரன் வீட்டில் இரண்டு வருஷமாக இளநீர் கிடையாது. அவளுக்கு அது விஷம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து நானும் குடிப்பதில்லை. "வெள்ளிக்கெழமை வர்றேன்னு சொல்லு, வெட்டித் தர்றேன்" என்றேன். "அப்படியொண்ணும் எனக்கு வேண்டாம், போங்க" என்றாள். மோர் கொடுத்தேன்.

ஜூன் 12, வியாழன்

கால் மட்டுமில்லை, முகமும் வீங்கியிருக்கிறது. படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். அப்படியானால் இப்போது அவளுக்கு நீளமான சீட்டு தேவையே இல்லை. சின்ன வண்டியே போதும். மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. இதை யோசித்துக்கொண்டு களத்தில் நெடுநேரம் நின்றேன்.

டயருக்குக் காற்று அடித்தாகிவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

மூன்றாம் தரமும் வராவிட்டால் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று நேற்றே சிஸ்டர் சொல்லியிருந்தாள். காலையில் ராமாத்தாளைத் துணைக்கு வைத்துவிட்டு, "நா ஒரெட்டு ஈரோடு போயிட்டு வந்தர்றேன்" என்றேன்.

"எதுக்குங்க?"

"சொல்லீட்டு வாரதுக்கு."

மயிலாத்தாள் என்னையே பார்த்தாள். "வெறும் வயித்தோட போவாதீங்க" என்றாள். இரண்டு இட்லி தின்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். பாதம் வீங்கிச் செருப்பு நுழையாமல் கையில் வைத்திருந்தாள். எஸ்தர் சிஸ்டர் என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எங்கீங்கய்யா?"

"வரலீங்க."

"ஐயா, வெளையாடறீங்களா? இன்னிக்கும் வரலைன்னா நெஞ்சுல நீர் கோத்துக்கும். மெஷின நா எத்தன நாளு புடிச்சு வெக்கறது? பாருங்க, வெளிய அந்தக்கா ஒரு வாரமாக் காத்துக் கெடக்கறாங்க."

"அவங்களுக்கே குடுத்துருங்கம்மா."

"எத?"

"எங்க செவ்வாயும் வெள்ளியும்."

சிஸ்டர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். "என்னாச்சுங்கய்யா?"

"வண்டி சரியில்லீங்க."

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு பெரிய வண்டி நின்றிருந்தது. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். "அதுலதான வந்தீங்க?"

"நா ஒருத்தன் வாரதுக்குச் சரியாத்தான் இருக்குதுங்கம்மா."

சிஸ்டர் மேஜையிலிருந்த நோட்டைப் புரட்டினாள். பிறகு, "வீட்டு அட்ரஸ் எங்ககிட்ட இருக்குது. நா ஆம்புலன்ஸ் அனுப்பறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. வராந்தாவுக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஜன்னலோரக் கட்டிலில், மயிலாத்தாளின் கட்டிலில் படுத்தாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். இரண்டாவது கும்பிடு.

வீடு திரும்பினேன். மயிலாத்தாள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது.

"சொல்லீட்டீங்களா?"

"சொல்லீட்டேன்."

"என்னன்னு?"

"வண்டி சரியில்லைன்னு."

"அது நல்ல வண்டிங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "சாஞ்சுக்கறதுக்கு ஏதாச்சுங் குடுங்க" என்றாள். தலையணை வைத்தால் சரிந்து போகிறது. சுவர் குத்துகிறது என்றாள். கட்டிலில் ஏறி அவளுக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து என் முதுகைக் கொடுத்தேன். சாய்ந்தாள். பாரமே இல்லை. சூடு மட்டும் தெரிந்தது.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. ஆம்புலன்ஸ்காரர்.

"ஐயா, ஈரோட்டுல இருந்து சொல்லியுட்டாங்க. வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுகிட்ட நிக்கறேன். எந்த வீதிங்க?"

என் முதுகில் அவள் மூச்சு நின்றது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்பதற்காக நிறுத்தினாள்போல.

"தேவையில்லீங்க தம்பி" என்றேன். "ஆள எங்க வண்டியிலயே கூட்டிட்டுக் கெளம்பியாச்சு. பெரிய வண்டி. சவுரியமாப் படுத்துட்டு வாரா. முத்தூரு தாண்டிட்டோம்."

"சரிங்கய்யா, பாத்துப் போங்க" என்று வைத்துவிட்டார்.

எனக்குப் பின்னால் அவள் குலுங்கினாள். சிரித்தாளா, மூச்சுக்குத் தவித்தாளா, முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை. திரும்பிப் பார்க்கலாம். திரும்பினால் அவளுக்குச் சாய இடம் இருக்காது.